அமெரிக்காவில் கையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள்

இதை டைப் அடிக்கப்போகும் எங்கள் சபைச் செயலர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேனா பிடித்ததைவிடத் தோல் சீவும் கத்தி பிடித்த காலம்தான் அதிகம். என் எழுத்து ஒரு வரியில் ஏறும், அடுத்த வரியில் இறங்கும். எந்த இடத்தில் எந்த 'ற' என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம். தப்பை எல்லாம் அவரே திருத்திக்கொள்ளட்டும்.

அமெரிக்கா போய்வந்ததை மாத இதழுக்கு எழுதச் சொல்லி எங்கள் சபைப் போதகர் ஐயர் மூன்று ஞாயிறு விடாமல் கேட்டார். மேடை ஏறிப் பேசச் சொல்லியிருந்தால் சபைக்கு வருவதையே நிறுத்தியிருப்பேன். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் பல்லாவரத்தில் ஒரு சின்னத் தோல்பைப் பட்டறையில் ஃபினிஷிங் வேலை செய்கிறேன். தைத்த பைக்குக் கடைசியாக மெழுகு பூசிப் பளபளப்பு ஏற்றுவது என் பொறுப்பு. முதலாளி ரஹீம் பாய். அவரோடு சேர்த்து நாங்கள் பதினான்கு பேர். போன கோடையில் நியூஜெர்சியில் உள்ள ஒரு வியாபாரிக்கு அறுநூற்று நாற்பது பைகள் அனுப்பினோம். அவை அங்கே போய்ச் சேர்ந்த சில நாளில், அமெரிக்க அரசாங்கம் நம் நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐம்பது வரி போட்டது. நல்லவேளை, நம் பைகள் முந்திக்கொண்டன என்று பாய் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்.

அக்டோபர் கடைசியில் அந்த வியாபாரியிடமிருந்து போன். பைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டதாம். அத்தனையும் திருப்பி அனுப்பப் போகிறாராம். திரும்பி வந்தால் புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். புதிதாக அனுப்பினால் அதற்கு ஐம்பது வரி. அந்த வரியோடு யாரும் வாங்க மாட்டார்கள். அதாவது, பைகள் திரும்பினால் பட்டறை மூடல்.

அவர் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது பூஞ்சை இல்லை. நான் மெழுகில் மாட்டுக்கொழுப்பு கலந்திருந்தேன். மே மாத வெயிலில் அது வெண்ணெய் மாதிரி உள்ளே இறங்கும், பளபளவென்று நிற்கும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். குளிர் பட்டால் அந்தக் கொழுப்பு உறைந்து வெள்ளையாக வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. பல்லாவரத்தில் குளிர் எங்கே இருக்கிறது, தெரிந்துகொள்ள?

"நீதான் பூசின நாதா, நீயே போய்க் காட்டு" என்றார் பாய். இரண்டு வருஷம் முன்பு ஒரு கண்காட்சிக்காக எனக்கும் விசா எடுத்திருந்தார். கண்காட்சிக்குப் போகவில்லை. விசா மட்டும் பாஸ்போர்ட்டில் சும்மா கிடந்தது.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கம்பளிக் கோட்டு வாங்கினேன். முதுகில் ஏதோ ஒரு அமெரிக்கப் பள்ளிக்கூடத்தின் பேர். அவர்கள் கழித்துப் போட்டது இங்கே தடையில்லாமல் வந்து குவிகிறது. நாம் புதிதாகச் செய்தது அங்கே போகத்தான் ஐம்பது.

முதல் நாள். இறங்கிய விமான நிலையத்தில் விரலை ஒரு கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். என் விரலில் ரேகை கிடையாது. சாயமும் மெழுகு கரைக்கும் டர்பன்டைனும் தின்றுவிட்டன. எங்கள் ரேஷன் கடை மிஷினும் என் விரலைப் படிக்காது. அங்கே இருக்கும் அக்கா, "உன்னைத் தெரியாதா எனக்கு, அரிசியை எடுத்துகினு போ" என்று வேறு வழியில் பதிந்து கொடுத்துவிடும். இவர்களோ, விரல் இல்லாத மனிதனைக் கண்டதும் நாட்டுக்கே ஆபத்து வந்த மாதிரி ஒரு அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள்.

மூன்று மணி நேரம். என் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார் ஒரு அதிகாரி. எல்லாம் தோல் துண்டு, குட் மார்னிங் பூ, என் மகளின் நிச்சயதார்த்தம். உலகத்திலேயே பெரிய வல்லரசு ஒரு மணி நேரம் என் மகளின் நிச்சயதார்த்தச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு போனில் மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் குரல்.

"ஐயா, நீங்கள் இங்க வேலை செய்யவோ வந்தனீங்கள் எண்டு கேக்கினம்."

"இல்லைங்க. எங்க பைக்கு என்ன ஆச்சுன்னு பார்க்க."

கொஞ்சம் ஆங்கிலம் ஓடியது. "பாக்கலாம், கதைக்கலாம், எப்பிடிச் செய்யிறது எண்டு காட்டலாமாம். ஆனா கையால ஒரு வேலையும் செய்யக் கூடாது. செய்தால் அமெரிக்கனிட வேலையை எடுத்த மாதிரி. பிடிச்சு அனுப்பிப்போடுவினம். விளங்கினதோ, ஐயா?"

விளங்கியது என்றேன். பல்லாவரத்துப் பைக்கு மெழுகு துடைக்கும் வேலைக்கு எத்தனை அமெரிக்கர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்க ஆசை. எனக்குத் தமிழிலேயே அவ்வளவு பேச வராது.

அங்கிருந்து நியூஜெர்சிக்கு ஒரு சின்ன விமானம். அது ரத்து. காரணம் மழையும் இல்லை, பனியும் இல்லை. பட்ஜெட் சண்டையில் அவர்கள் நாட்டு அரசாங்கமே கடையைச் சாத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. விமானங்களுக்கு வழி சொல்லும் ஆட்கள் சம்பளமில்லாமல் களைத்துப்போய், பாதிப் பேர் வரவில்லையாம். எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸின் கழிவறை பூட்டியிருந்தது. ஐந்து மணி நேரம். தாம்பரத்தில் பஸ் வரவில்லை என்றால் பத்து பேர் சேர்ந்து சத்தமாவது போடுவார்கள். இங்கே எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

என்னை அழைத்துப்போக வந்தவர் சைமன் மச்சான். என் மனைவியின் பெரியம்மா மகன். பல்லாவரத்திலிருந்து போய் இருபது வருஷம், இப்போது அமெரிக்கக் குடிமகன். விமான நிலையத்தில் பயணிகளைச் சோதனை போடும் அரசாங்கப் பாதுகாப்பு வேலை. பெரிய நீல சட்டை. அவருக்கும் ஒரு மாதமாகச் சம்பளம் கிடையாது. ஆனால் வேலைக்குப் போயே ஆகவேண்டும்.

"சம்பளம் இல்லாம எதுக்கு மச்சான் போறீங்க?" என்றேன்.

"நேஷனல் செக்யூரிட்டி மச்சான். நான் போலன்னா நாடு இன்னாத்துக்கு ஆவும்?"

"நாடு உங்களுக்குச் சோறு போடலையே."

"அது எதிர்க்கட்சிக்காரன் பண்ற பேஜாரு. எங்காளு சரியாத்தான் கீறாரு" என்றார். அவர் ஓட்டுப் போட்டவர்தான் இப்போது ஜனாதிபதி. ஊரில் நம் அரசியல்வாதிகளை நாம் திட்டுவோம், திட்டிக்கொண்டே ஓட்டுப் போடுவோம். அங்கே பட்டினி கிடந்தாலும் திட்ட மாட்டார்கள் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் மச்சான் என்னை ஒரு சர்ச்சுக்கு அழைத்துப்போனார். ஜெபத்துக்கு இல்லை. சம்பளம் வராத அரசாங்க ஊழியர்களுக்கு அங்கே இலவசமாகச் சாமான் கொடுத்தார்கள். வரிசை தெரு முனை வரை போயிற்று. மச்சான் நீல சட்டை தெரியாமல் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். போன வருஷம் ஊருக்கு வந்தபோது இதே வாயால், "இலவசம் குடுத்துக் குடுத்தே இந்த ஊர் ஜனம் சோம்பேறி ஆயிடுச்சு" என்று எங்கள் வீட்டுத் திருமணப் பந்தியில் உட்கார்ந்து பேசியவர்.

எங்களுக்கு முன்னால் ஒரு வயசான அம்மாள் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று மச்சானைக் கேட்டேன்.

"அவங்க பொண்ணுக்கு கவர்மெண்டு குடுக்கற சாப்பாட்டு கார்டுல இந்த மாசம் துட்டு ஏறலையாம். ரெண்டு கொழந்தையாம்."

"அவன் என்ன சொல்றான்?"

"கஷ்டம்தான், ஆனா கார்டு வாங்கறதுல பாதிப்பேரு வெளிநாட்டுக்காரன், அவனுங்களைத் தொரத்தினா எல்லாம் சரியாப்பூடும்னு சொல்றான்."

சொல்லிவிட்டு மச்சான் என் கோட்டைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது.

கிடைத்தது: வேகவைத்து டப்பாவில் அடைத்த பரங்கிக்காய், வேர்க்கடலை விழுது, மக்காச்சோளப் பொரி, ஒரு உறைந்த வான்கோழிக் கால். மச்சான் மனைவி எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு அவர் சம்பளத்தில்தான் நடந்தது. பரங்கிக்காயைக் கூட்டு வைத்து, வேர்க்கடலை விழுதில் மிளகாயும் பூண்டும் அரைத்துத் துவையல் ஆக்கிவிட்டார். துவையல் நன்றாகவே இருந்தது. வான்கோழியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

மூன்றாம் நாள் வியாபாரியிடம் போனோம். மொழிபெயர்க்க மச்சான்தான் வந்தார். வயிற்று வலி என்று வேலைக்குப் போன் பண்ணிவிட்டார். ஒரு நாள் நாடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று முடிவு பண்ணிவிட்டார் போல.

வியாபாரியின் பேர் கென். சிவந்த முகம், பெரிய உடம்பு, கைகொடுத்தால் நம் தோள் ஆடும். கிடங்கில் குளிர் எலும்பைத் தொட்டது. நம் பைகளை எல்லாம் மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, ஒரு மூலையில் தள்ளி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார். வியாதிக்காரனை வைத்த மாதிரி.

"இந்தியாவிலிருந்து பூஞ்சை வந்திருக்கிறது. என் ஊர் ஜனங்களுக்கு மூச்சு வியாதி வந்தால் யார் பொறுப்பு?" என்றார். மச்சான் அதை அப்படியே, கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு எனக்குச் சொன்னார்.

கயிற்றைத் தாண்டிப்போய் ஒரு பையை எடுத்தேன். உறையைப் பிரித்து, கோட்டைத் திறந்து, பையைச் சட்டைக்குள் விலாவோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா மச்சான் பண்ற? திருடறான்னு நெனைக்கப் போறான்!" என்றார் மச்சான்.

"பத்து நிமிஷம் இருக்கச் சொல்லுங்க."

அந்தப் பத்து நிமிஷமும் கென் பேசிக்கொண்டே இருந்தார். இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது, அதற்குத்தான் இந்த வரியில் பாதி என்றார். நான் வாங்குவது ரேஷன் கடைப் பாமாயில். இதை மச்சானிடம் சொன்னேன், அவர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். வரி நல்லதுதான், அது வெளிநாட்டுக்காரனை வழிக்குக் கொண்டுவரும் என்றும் கென் சொன்னார்.

"அந்த வரியைத் துறைமுகத்துல கட்டறது யாரு மச்சான்? கேளுங்க."

மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார். கென் கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டார். பிறகு, "நான்தான். ஓட்டுப் போடும்போது நீங்கள் கட்டுவீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

பையை வெளியே எடுத்தேன். உடம்புச் சூடு பட்ட பக்கம் வெள்ளை மறைந்து, தோல் பழைய காபி நிறத்தில் இருந்தது. பழைய பனியன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். பளபளத்தது. பூஞ்சையாக இருந்தால் சூட்டுக்குப் போகாது. கென் தன் கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொழுப்பு. மெழுகுல நான் போட்டது. என் தப்புன்னு சொல்லுங்க மச்சான்."

"லூசா நீ? ஊருக் குளிரு மேல பழியைப் போடு. நம்ம தப்புன்னு சொன்னா கேஸு போடுவான்."

மச்சான் சொல்லமாட்டார் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "மை மிஸ்டேக், சார். ஹாட் ஊரு, குட். கோல்ட் ஊரு, ஒயிட்." கென் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வருஷத்தில் தன் தப்பு என்று தானே ஒப்புக்கொண்ட முதல் ஆள் நான்தானோ என்னவோ. பிறகு கேட்டார், "அறுநூற்று நாற்பதையும் சரி செய்ய முடியுமா?"

முடியும். முடி உலர்த்தும் மிஷினால் லேசாகச் சூடு காட்டித் துடைத்தால் போதும், மேலே தடவியிருக்கும் கொழுப்பும் துணியோடு வந்துவிடும். ஒரு பைக்கு ஐந்து நிமிஷம். நான் துணியை எடுத்தேன்.

மச்சான் பாய்ந்து என் கையைப் பிடித்தார். "தொடாத! காட்டினதோட நிறுத்து. நீ வேலை செஞ்சா சட்டவிரோதம். என் வேலையும் பூடும்."

"சரி, இங்க இருக்கற ஆளுங்க செய்யட்டும். சொல்லிக் குடுக்கறேன்."

கென்னின் முகம் விழுந்தது. அந்தக் கிடங்கில் ஈக்குவடார் நாட்டுக்காரர்கள் ஆறு பேர் வேலை செய்தார்களாம். பக்கத்துத் தெருவில் கார் கழுவும் இடத்தில் முகமூடி போட்ட குடியேற்றத் துறைப் போலீஸ் வந்து ஆட்களை வேனில் ஏற்றிய நாளிலிருந்து ஆறு பேரும் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. "நல்ல ஆட்கள். பன்னிரண்டு வருஷம் என்னிடம் இருந்தார்கள். கெட்டவர்களை மட்டும் நாட்டைவிட்டு அனுப்புவார்கள் என்றுதான் நான் நினைத்தேன்" என்றார். அந்த மனிதர் எவ்வளவு நினைத்திருக்கிறார், எவ்வளவு ஓட்டுப் போட்டிருக்கிறார் என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

ஆக, செய்யத் தெரிந்தவன் தொடக் கூடாது. தொட ஆள் இல்லை. இருந்த ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். பை அங்கேயே இருக்கிறது.

கடைசியில் யார் செய்தது தெரியுமா? நான்காம் நாள் காலை கென் தன் மனைவி லிண்டாவை அழைத்துவந்தார். மச்சான் வயிற்று வலியை இன்னும் மூன்று நாளுக்கு நீட்டினார். கென் கொடுத்த நாட்கூலிக்கு ஒப்புக்கொண்டார். ஒரு மாதத்தில் அவர் கண்ட முதல் சம்பளம் அதுதான். மூன்று அமெரிக்கக் குடிமக்கள், ஆளுக்கு ஒரு முடி உலர்த்தும் மிஷின். எனக்கு ஒரு நாற்காலி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் மணி நேரம் பேச வெட்கமாக இருந்தது. பிறகு லிண்டா ஒரே இடத்தில் சூட்டைக் காட்டித் தோலைச் சுருக்கப் பார்த்தார். "நோ! மூவ், மூவ்!" என்று கத்திவிட்டேன். கத்தியது நான்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. கென் துணியை அழுத்தினால் "ஸ்லோ, சார்." மச்சான் கைப்பிடி மாட்டும் காதை விட்டுவிட்டால் "மச்சான், காதுப் பக்கம் யாரு துடைப்பா?"

"இன்னா மச்சான், எனக்கு மேல ஆபீசர் மாதிரி கீறியே."

"நான் தொடக் கூடாதே. உங்க சட்டம்."

மதியம் லிண்டா எனக்கு ரொட்டிக்குள் குளிர்ந்த கோழியும் இனிப்புக் குழம்பும் வைத்துக் கொடுத்தார். காகிதத்தைக் குப்பையில் போட நான் எழுந்தபோது மச்சான் பயந்துபோய் அதையும் வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் சாயந்திரம் அறுநூற்று நாற்பதாவது பை முடிந்தது. கென் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று தாளில் கையெழுத்துப் போட்டார். பாய்க்குப் போன் போட்டேன். பின்னால் பட்டறையில் எல்லோரும் கத்துவது கேட்டது. அடுத்த முறை கொழுப்பே சேர்க்காமல் செய்கிறேன் என்று மச்சானைவிட்டுக் கென்னிடம் சொல்லச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "ஜனவரியில் பேசலாம்" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அரசாங்கம் மறுபடி திறக்கப்போகிறது என்று காரில் செய்தி வந்தது. மச்சான் ஹாரன் அடித்தார். எதற்குப் பூட்டினார்கள், திறந்ததில் என்ன மாறியது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து, ஜனவரி வரைக்கும் காத்திராமலே கென்னிடமிருந்து கடிதம் வந்தது. பாய் பட்டறையில் எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டினார். பைகள் நன்றாக விற்றன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனால் இந்த வரியில் இந்தியாவிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாது. அடுத்த ஆர்டரை வரி குறைந்த வேறொரு நாட்டுப் பட்டறைக்குக் கொடுத்தாயிற்று. அங்கேயும் வெள்ளை பூத்துவிடக் கூடாது என்பதால், உங்கள் ஆள் சொன்ன கொழுப்பில்லாத மெழுகுக் கலவையை எழுதி அனுப்பினால் நன்றி.

தையல் வேலை செய்யும் சரோஜா அக்காதான் முதலில் வாயைத் திறந்தது. "இன்னா திமிரு பாரேன். சோறும் வேணாம், சமைச்சவளும் வேணாம், கொழம்பு பக்குவம் மட்டும் வேணுமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

"எழுதிக்கோங்க பாய்" என்றேன். "தேன்மெழுகு, டர்பன்டைன். கொழுப்பு ஒரு பொட்டும் கூடாது. மெல்லிசா ஒரே பூச்சு."

"பைத்தியமா நாதா உனக்கு? அவன் நம்ம வயித்துல அடிச்சுட்டுப் போறான்."

"அந்த ஊர்லயும் ஒருத்தன் பூசுவான் பாய். அவனும் குளிரைப் பார்க்காதவனாத்தான் இருப்பான்."

வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் எழுத ஒன்றும் இல்லை. அவர்களுக்கு என் விரலையே படிக்க முடியவில்லை, கடிதத்தையா படிக்கப் போகிறார்கள். பாய் என்னை முறைத்துக்கொண்டே எழுதி அனுப்பினார்.

உள்ளூர்க் கடைகளுக்குப் பெல்ட் செய்யும் வேலை கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அது ஆறு பேருக்குத்தான் போதும். எட்டுப் பேரை நேற்று நிறுத்திவிட்டார் பாய். அதில் சரோஜா அக்காவும் ஒருத்தர். டிபன் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டு போகிறபோது என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"பக்குவம் எழுதி அனுப்பிட்டல்ல? அப்டியே இன்னொரு வரி சேர்த்து எழுது. அந்த ஊருல நல்லாத் தைக்கறவ ஒருத்தி வேணுமான்னு கேளு."

நான் கையிலிருந்த பெல்ட்டுக்கு மெழுகு பூசிக்கொண்டே இருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. போகிக்கு இன்னும் மூன்று நாள்.